காற்புள்ளியும் தூக்குக் கயிறும்

நிறுத்தக் குறிகள் என்றால் பள்ளிக்கூடத்து உபாத்தியாயரின் சிவப்பு மசிக்கு வேலை வைக்கும் சில்லறைச் சங்கதி என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். காற்புள்ளி ஒன்று கூடினால் என்ன, குறைந்தால் என்ன, குடியா முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு, 1916-ல் லண்டனில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஸர் ரோஜர் கேஸ்மெண்ட் ஐரிஷ்காரர். பிரிட்டிஷ் சர்க்காரின் கான்ஸலாக அயல்நாடுகளில் உத்தியோகம் பார்த்தவர். காங்கோவில் ரப்பருக்காக ஆப்பிரிக்க மக்கள் பட்ட சித்திரவதையை 1904-ல் வெளியான தம் அறிக்கையால் உலகறியச் செய்தார். தென் அமெரிக்காவின் புடுமாயோக் காட்டில் நடந்த கொடுமையையும் விசாரித்து எழுதினார். 1911-ல் ஸர் பட்டம் கிடைத்தது. ஆனால், முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மனிக்குப் போனார். அங்கே சிறைப்பட்டிருந்த ஐரிஷ் சிப்பாய்களை, அயர்லாந்தின் விடுதலைக்காக ஆயுதம் எடுக்கும்படி அழைத்தார். 1916 ஏப்ரலில் ஜெர்மன் நீர்மூழ்கியில் வந்து அயர்லாந்துக் கரையில் இறங்கியவர், அன்றைக்கே பிடிபட்டார்.

குற்றம் ராஜத்துரோகம். அதற்கான சட்டமோ மூன்றாம் எட்வர்ட் காலத்தில், 1351-ல், நார்மன் பிரெஞ்சில் எழுதியது. மன்னனுடைய பகைவரை நாட்டுக்குள் சார்ந்து நிற்பதும், அவர்களுக்கு நாட்டுக்குள் உதவி புரிவதும் அதில் சொல்லப்படுகின்றன. கடைசியில், ‘அல்லது வேறிடத்தில்’ என்று ஒரு தொடர் தொங்கிக்கொண்டிருக்கிறது. அது எதோடு ஒட்டும்?

உதவியோடு மட்டும்தான் ஒட்டும் என்றார் கேஸ்மெண்டின் வக்கீல் ஸல்லிவன். பகைவரைச் சார்ந்தவன் இங்கிலாந்து மன்னனின் நாட்டுக்குள் இருந்து சார்ந்திருக்க வேண்டும்; கேஸ்மெண்ட் செய்ததெல்லாம் ஜெர்மனியில்; ஆகவே குற்றமே இல்லை என்பது அவர் வாதம். நடுவில் உள்ள சொற்களை இரு பக்கமும் காற்புள்ளியிட்டு ஒதுக்கிவிட்டால், ‘வேறிடத்தில்’ என்பது சார்ந்து நிற்பதற்கும் போய்ச் சேர்ந்துவிடும். அப்போது தூக்கு!

நம்முடைய தண்டியலங்காரம் தீவகம் என்று ஓர் அணியைச் சொல்கிறது. ஓரிடத்தில் நிற்கும் சொல், விளக்கைப் போலப் பல இடங்களுக்கும் வெளிச்சம் தருவது அது. கடைசியில் நின்றால் கடைநிலைத் தீவகம். நம் புலவர்கள் அழகுக்காகப் போற்றிய அதே சங்கதி, லண்டன் கோர்ட்டில் ஒரு மனிதனின் கழுத்தைப் பொறுத்த கேள்வியாக நின்றது. அந்தத் தொடர் பக்கத்து அறைக்கு மட்டும் எரியும் விளக்கா, கூடத்துக்கும் சேர்த்து எரிவதா?

நீதிபதி ஆசனத்தில் இருந்தவர் ரீடிங் பிரபு. 1921-ல் நமக்கு வைஸ்ராயாக வந்தாரே, அவரேதான். சர்க்கார் தரப்பில் வாதாடிய எஃப். இ. ஸ்மித், பின்னாளில் பர்க்கன்ஹெட் பிரபுவாகி, சைமன் கமிஷன் நியமனமான 1927-ல் இந்தியா மந்திரியாக இருந்தவர். ஜூன் 29-ல் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

அப்பீலை விசாரித்த நீதிபதிகளில் இருவர் ஆவணக் காப்பகத்துக்கே போய், பழைய தோல் சுருளை ஆராய்ந்தார்கள். சுருளிலோ கையெழுத்துக்காரர் இழுத்த கோடுகள்தாம். ஆல்டஸ் மனூஷியஸ் வெனிஸ் நகரத்தில் அரைப்புள்ளியை அச்சில் ஏற்றுவதற்கு ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன் எழுதியதில், இன்றைய புள்ளிகளைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? முடிவில், கோக் முதலான பழைய சட்ட நிபுணர்களின் உரையைப் பிடித்துக்கொண்டு அப்பீலைத் தள்ளினார்கள். ஆகஸ்டு 3-ல் பெண்டன்வில் சிறையில் கேஸ்மெண்ட் தூக்கிலிடப்பட்டார்.

காற்புள்ளி தூக்கிலிட்ட மனிதர் என்று அவரைச் சொல்வதுண்டு. எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. கருணை கேட்டுக் கானன் டாயில் போன்றவர்கள் விண்ணப்பம் செய்தபோது, அவருடைய அந்தரங்க நாட்குறிப்பின் பக்கங்களைச் சர்க்கார் தரப்பார் பெரிய மனிதர்களிடம் ரகசியமாகக் காட்டி, இரக்கத்தின் வாயை அடைத்தார்கள். இதற்கு இலக்கணம் பொறுப்பாகாது.

நம் ஓலைச் சுவடிகளில் புள்ளியும் இல்லை, குறியும் இல்லை. உரையாசிரியர் கொண்டுகூட்டிப் பொருள் சொன்னார். அவர் தவறினால் ஒரு பாட்டுக்குத்தான் சேதம். சட்டத்துக்கு உரை சொல்பவன் கையில் கயிறு இருக்கிறது. எழுதியவன் ஐயத்துக்கு இடம் வைத்துவிட்டால், அந்த இடத்தில் அதிகாரம் உள்ளவன் தனக்கு வேண்டிய புள்ளியை வைத்துக்கொள்வான்.

1965-ல் கேஸ்மெண்டின் எலும்புகள் டப்ளினுக்குத் திரும்பின. அயர்லாந்து அவற்றை அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது. 1351-ம் வருஷத்துச் சட்டமோ பிரிட்டனில் இன்னும் அமலில் இருக்கிறது.