உயிரைக் காத்த ஊசி, தடுமாறிய கால்கள்

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் நிற்கும் ஸ்டேஷன், தாம்பரம் சானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையால் வந்த பெயர் அது. அப்போது காசநோயைக் குணமாக்கும் மருந்தே கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவ்வளவுதான் சிகிச்சை!

1943-ல் அமெரிக்காவில் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். 1948-ல் பிரிட்டனில் வெளியான பரிசோதனை முடிவு இது: ஆறு மாதத்தில், இந்த ஊசி போட்ட 55 பேரில் இறந்தவர்கள் 4 பேர். போடாத 52 பேரில் 14 பேர்.

ஆனால் ஊசி போட்ட அந்த 55 பேரில் 36 பேருக்குத் தலைசுற்றல்!

காரணம் காதுக்குள் இருக்கிறது. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சிறு பைகளும் உண்டு. அவற்றில் உள்ள மயிர்ச்செல்கள்தான் நம்மை விழாமல் நிறுத்துபவை. தலை அசைந்தால் செல்லின் நுனி மயிர்கள் வளையும். உடனே மூளைக்குச் செய்தி போகும். மயிர் வளையும்போது திறக்கும் நுண்ணிய வாசல் வழியாக ஸ்ட்ரெப்டோமைசினும் உள்ளே நுழைந்து செல்லைக் கொன்றுவிடுகிறது. பறவைகளுக்கு இந்தச் செல்கள் மறுபடி முளைக்கும். மனிதனுக்கு, போனால் போனதுதான்.

பகலில் கண் கைகொடுக்கும். இருட்டில் சுவரைப் பிடித்துத்தான் நடக்க வேண்டும். இந்த ஊசியால் பாதிக்கப்பட்ட ஓர் அமெரிக்க டாக்டர் 1952-ல் தன் அனுபவத்தை எழுதினார். நாடி துடிக்கும் அசைவுக்கே எழுத்துகள் ஆடியதால், கட்டில் கம்பிகளுக்கு நடுவே தலையை அழுத்தி வைத்துத்தான் அவரால் படிக்க முடிந்ததாம்.

சென்னைக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், வாய்வழி மருந்துகளை வீட்டிலிருந்தே சாப்பிட்டாலும் சானடோரியத்தில் கிடைக்கும் அளவுக்குக் குணம் கிடைக்கும் என்று 1959-ல் காட்டியது. தினமும் ஊசி தேவையில்லை, வேறு மருந்தோடு சேர்த்து வாரம் இரண்டு முறை போட்டாலே போதும் என்பதும் இங்கே நடந்த ஆய்வின் முடிவுதான். 1964-ல் அது வெளியானது.

மறுபடி காசநோய் வந்தவர்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் சேர்த்துக் கொடுக்கும் வழக்கமான முறையைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2017-ல்தான். அதுவரை எத்தனையோ பேர் நுரையீரலைக் காப்பாற்ற, நடையைப் பணயம் வைத்தார்கள். உயிரா, தள்ளாடாத நடையா என்று கேட்டால் வேறு என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?