நாற்றங்காலில் கழித்த மரங்களும் போன்சாயும்

நாற்றுப்பண்ணைகளில் விலைபோகாமல் ஒதுக்கிய மரக்கன்றுகளை வெட்டி, வேர் திருத்தி, ஆழமில்லாத தொட்டியில் சிறு மரமாக வளர்த்தெடுப்பது போன்சாய்க் கலையின் ஒரு கிளை. பைக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்து தடித்த கன்று, நுனி முறிந்த கன்று, கோணி வளர்ந்த கன்று, ஒரே பக்கம் கிளைத்த கன்று ஆகியவை இதன் மூலப்பொருள். தோப்புக்கும் சாலையோரத்துக்கும் கன்று வாங்குபவர் நேராக நிமிர்ந்ததையே கேட்பார். போன்சாய் வளர்ப்பவருக்குத் தடித்த அடிமரமும் இயல்பான வளைவும் வேண்டும். இரண்டும் இளங்கன்றில் கிடைப்பதில்லை. பண்ணைக்காரர் குறை என்று தள்ளியது பெரும்பாலும் இவருக்கு வேண்டிய குணமாக இருக்கும்.

போன்சாய்க் கலையின் பழைய சான்று ஒன்று சீனாவில் இருக்கிறது: இளவரசர் சாங்ஹுவாயின் 706-ஆம் ஆண்டுக் கல்லறைச் சுவரோவியத்தில், பணிப்பெண்கள் சிறு செடியும் கல்லும் வைத்த தட்டை ஏந்தி நிற்கிறார்கள். சீனத்திலிருந்து ஜப்பானுக்குச் சென்ற இக்கலை அங்கே முதிர்ந்தது. 1923-இன் பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவை விட்டு வெளியேறிய போன்சாய் வளர்ப்பாளர்கள் 1925-இல் ஓமியாவில் தங்களுக்கென ஓர் ஊரையே அமைத்தார்கள். மலைப்பாறையிலிருந்து பெயர்த்தெடுத்த 'யாமதோரி' மரங்களுக்கு அங்கே மதிப்பு மிகுதி. நம் பக்கத்தில் அந்த வழியைப் பின்பற்ற வேண்டியதில்லை, பின்பற்றவும் கூடாது. காப்புக்காட்டில் செடி பறிப்பது குற்றம். பெயர்த்தெடுத்த காட்டு மரங்களில் பல பிழைப்பதும் இல்லை. தென்னிந்தியாவில் இக்கலை நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. பெங்களூரு லால்பாக்கில் போன்சாய்த் தோட்டம் உண்டு. மைசூரு அவதூத தத்த பீடம் 2016 டிசம்பரில் 2,649 போன்சாய்களை ஒரே இடத்தில் வைத்துக் கின்னஸ் சாதனை படைத்தது.

ஏலூரில் இக்கலையைத் தொடங்குபவருக்குக் கன்று கிடைப்பது கடினமல்ல. ஏலூர், கொச்சியை ஒட்டி, பெரியாற்றின் இரு கிளைகளுக்கு இடையே உள்ள தொழில் நகரம். கேரளத்தின் பெயர்பெற்ற நாற்றுச் சந்தையான திருச்சூர் மண்ணுத்தி இங்கிருந்து ஒன்றிரண்டு மணி நேரப் பயணம். கேரளப் பண்ணைகளில் 27 நட்சத்திரங்களுக்கும் உரிய மரக்கன்றுகளை வளர்த்து விற்கும் வழக்கம் உண்டு. கார்த்திகைக்கு அத்தி, பூசத்துக்கு அரசு, மகத்துக்கு ஆல், உத்திரத்துக்கு இத்தி. ஆயுர்வேதம் 'நால்பாமரம்' என்று சொல்வதும் இந்த நான்கைத்தான். நான்கும் ஆல் பேரினத்தைச் சேர்ந்தவை. வெப்பநாட்டுப் போன்சாய்க்கு இவற்றைவிடப் பொருத்தமான இனம் அரிது. பாறை இடுக்கிலும் மற்ற மரத்தின் கவட்டிலும் கைப்பிடி மண்ணில் முளைத்துப் பிழைப்பவை இவை. கொச்சி மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குச் சுவர்களில் பறவை எச்சத்திலிருந்து முளைத்து நிற்கும் ஆலும் அரசும் அதற்குச் சாட்சி. கிளையில்லாமல் மொட்டையாக வெட்டினாலும் இவை அடிமரத்திலிருந்தே துளிர்க்கும். ஆனாலும் நான்கும் சமமல்ல. இலை சிறிதாகவும் கணு நெருக்கமாகவும் உள்ள இத்தியே முதலிடம் பெறும். அத்தியின் பெரிய இலை சிறிய தொட்டியில் பொருந்தாது. இப்பேரினத்துக்கு வெளியே புளி, நெல்லி, காகிதப்பூ ஆகியவையும் நன்கு வரும்.

கன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கிளையைப் பார்க்கும் முன் வேரைப் பார்க்க வேண்டும். பண்ணைகளில் கன்றை ஆழப் புதைக்கும் பழக்கம் உண்டு. மேல்மண்ணை விரலால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் விலக்கினால்தான் உண்மையான அடி தெரியும். அங்கே வேர்கள் நாற்புறமும் பரவியிருந்தால் நல்லது. ஒரே பைக்குள் நெடுநாள் கிடந்த கன்றில் வேர் பையின் சுவரை ஒட்டி வளையம் வளையமாகச் சுற்றியிருக்கும். வெளிச்சுற்று வேர்களை வெட்டி நீக்கலாம். அடிமரத்தையே இறுக்கிச் சுற்றிய தடித்த வேர் உள்ள கன்று, எவ்வளவு அழகாக வளைந்திருந்தாலும், வேண்டாம். பண்ணை ஒதுக்கும் குறைகளில் போன்சாய்க்கும் ஆகாத குறை இது ஒன்றுதான்.

அடுத்தது உயரம். அடிமரத் தடிமனைப்போல ஆறு மடங்கு உயரம் என்பது பொதுவான அளவு. அடி 5 செ.மீ. என்றால் மரம் 30 செ.மீ. நிற்கும். ஆறடிக் கன்றை இந்த அளவுக்குக் கொண்டுவர முதல் வெட்டைத் துணிந்து போட வேண்டும். இறுதி உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு விட்டு மேலே உள்ளதை வெட்டி, அங்கே துளிர்க்கும் ஒரு தளிரைப் புதிய தலைமைத் தண்டாக வளரவிடுவார்கள். கீழே பருத்து மேலே ஒடுங்கும் வடிவம் இப்படித்தான் வருகிறது. ஆல் இனங்களில் வடியும் பாலை நீர் தெளித்து நிறுத்தியபின் காயத்துக்கு மெழுகோ களிம்போ பூசலாம். வேரின் கீழ்ப்பாதியை நீக்கி, மரத்தைக் கம்பியால் தொட்டியோடு அசையாமல் கட்ட வேண்டும். ஆல் இனங்கள் கிளைவெட்டையும் வேர்வெட்டையும் ஒரே நாளில் தாங்கும். புளிக்கும் நெல்லிக்கும் இடைவெளி தேவை.

இதற்குப் பிறகு வருவது பொறுமையின் காலம். இரண்டு மூன்று ஆண்டுகள் பெரிய தொட்டியில் தாராளமாக வளரவிட்டால்தான் வெட்டுக்காயம் மூடி, கிளை தடிக்கும். ஆழமில்லாத அலங்காரத் தொட்டிக்கு அவசரப்பட்டு மாற்றுவதே பல மரங்கள் குச்சியாக நின்றுவிடக் காரணம். வளைக்கச் சுற்றிய அலுமினியக் கம்பியைப் பட்டையில் பதியும் முன்பே வெட்டி எடுக்க வேண்டும். வெப்பமும் ஈரமும் மிகுந்த கொச்சியில் ஆல் இனங்கள் விரைந்து பருப்பதால் வாரந்தோறும் பார்ப்பது நல்லது.

ஜூனில் பருவமழை இறங்கும் கொச்சியில் வேர்வெட்டுக்கு மே இறுதி ஏற்ற நேரம். ஈரக்காற்றில் தளிர் வாடாது. ஆனால் புதிதாக வெட்டிய மரத்தைக் கொட்டும் மழையில் வைத்தால் வேர் அழுகும்; முதல் மாதம் கூரையோரத்தில் இருக்கட்டும். மண்ணும் நீரைத் தேக்கக் கூடாது. 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கேரளத்தில் ஆற்றுமணல் எடுப்பு கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. அதனால் மணலைத் தேடாமல், உடைத்துச் சலித்த செங்கல் துண்டு, வெட்டுக்கல் சரளை, நன்றாக அலசிய தேங்காய் நார்க்கழிவு ஆகியவற்றைக் கலப்பதே எளிது. ஏலூரில் இருப்பவர்கள் தொழிற்சாலைப் பகுதி ஓடைகளின் வண்டலைத் தொட்டிக்கு எடுக்க வேண்டாம். பூச்சிக்கொல்லி எச்சம் கண்டறியப்பட்ட இடங்கள் அவை.

உரம் ஊரிலேயே இருக்கிறது. 1943-இல் தொடங்கி 1947-இல் உற்பத்தியில் இறங்கிய ஃபாக்ட் நிறுவனத்தின் ஆலை ஏலூரின் உத்யோகமண்டலில்தான் உள்ளது. அதன் ஃபாக்டம்ஃபாஸ் உரத்தில் தழைச்சத்து 20, மணிச்சத்து 20, கந்தகம் 13 விழுக்காடு, சாம்பல்சத்து இல்லை. தடித்து வளரவிடும் ஆண்டுகளில் சில மணிகளைத் தொட்டி ஓரத்தில் இட்டால் போதும். வடிவம் அமைந்த மரத்துக்கு ஊறவைத்து நீர்த்த கடலைப் பிண்ணாக்கே மேல். தழைச்சத்து மிகுந்தால் இலை பெரிதாகிவிடும்.

முதல் மரம் தேடும்போது பண்ணையின் முன்வரிசையைக் கடந்து, பின்பக்கம் வேலியோரம் குவித்த பைகளைப் பார்க்க அனுமதி கேளுங்கள். தடித்த அடியுள்ள ஓர் இத்தியை எடுத்து, மேல்மண்ணை விலக்கிப் பார்த்து, வேர் சரியாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.