டெபியன் கண்ட பிளவு

பலர் கூடிக் கைம்மாறு கருதாது ஆக்கிய பொருள் ஆக்கியோர்க்கு உரியதா? அன்றி, அதனைப் பயன்கொள்வோர்க்கு உரியதா? பொதுப்பணியில் ஈடுபட்டோர் எல்லாரும் என்றேனும் ஒரு நாள் எதிர்கொள்ளும் வினா இது. கணினி உலகில் இவ்வினா 2014ஆம் ஆண்டில் பெரும்புயலாக எழுந்தது. அவ்வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்களுள் ஒன்று லினக்ஸ். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் இதனைத் தொடங்கினார். அவர் தந்தது கரு மட்டுமே. அக்கருவோடு பல்லாயிரம் மென்பொருள்களைச் சேர்த்து, ஒழுங்குபடுத்தி, மக்கள் கையாளும் வடிவில் தருவோர் வேறு குழுவினர் ஆவர். அவர்கள் தரும் தொகுப்பு ‘வழங்கல்’ எனப்படும். அவற்றுள் மூத்தவற்றுள் ஒன்று டெபியன். அமெரிக்க மாணவர் இயன் மர்டாக் 1993 ஆகஸ்டு 16ஆம் நாள் அதனைத் தொடங்கினார். தம் பெயரையும் தம் காதலி டெப்ராவின் பெயரையும் இணைத்து அதற்குப் பெயரிட்டார்.

டெபியன் எந்த நிறுவனத்தின் உடைமையும் அன்று. உலகெங்கும் பரவியிருக்கும் ஏறத்தாழ ஆயிரம் தொண்டர்கள் அதனைப் பேணி வருகின்றனர். 1997இல் அவர்கள் சமூக ஒப்பந்தம் ஒன்றை வெளியிட்டனர். தங்கள் கடப்பாடு பயன்கொள்வோர்க்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் உரியது என அதில் உறுதி கூறினர். 1998இல் அமைப்புச் சட்டம் ஒன்றும் வகுத்தனர். அதன்படி வாக்குரிமை ஆக்குநர்க்கே உண்டு. எத்தொண்டரையும் ஒரு வேலையைச் செய்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தல் இயலாது. முதல் ஏடு பயன்கொள்வோரை முன்னிறுத்தியது. இரண்டாம் ஏடு உழைப்போரிடம் அதிகாரத்தை அளித்தது. பின்னாளைய பூசலின் வித்து இவ்விரண்டிற்கும் இடையே கிடந்தது.

கணினியை முடுக்கியதும் கரு முதலில் ஒரே ஒரு நிரலை எழுப்பும். அதன் வரிசை எண் 1. மற்றவற்றை எல்லாம் எழுப்புவது அதன் பொறுப்பு. பெரிய குடும்பத்தில் வைகறையில் எழுந்து மற்றவரை எழுப்பும் தாயைப் போன்றது அது. டெபியனில் நெடுங்காலம் இப்பணியைச் செய்தது, 1983இல் வெளிவந்த ‘சிஸ்டம் ஐந்து’ என்னும் யூனிக்ஸ் மரபை ஒட்டிய பழைய முறையாகும். எளிய கட்டளை ஏடுகளைக் கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக அது பணிகளைத் தொடங்கும். அவ்வேடுகளை எவரும் படிக்கலாம், திருத்தலாம்.

2010இல் ரெட்ஹேட் நிறுவனத்தைச் சார்ந்த லெனார்ட் பொட்டரிங் என்பாரும் கே சீவர்ஸ் என்பாரும் ‘சிஸ்டம்டி’ என்னும் புதிய முறையை அறிமுகம் செய்தனர். இது பல பணிகளை ஒரே வேளையில் தொடங்கும். தொடங்கிய பணி விழுந்துவிட்டால் அதனைக் கண்டு மீண்டும் எழுப்பும். 2011இல் ஃபெடோரா வழங்கல் இதனை ஏற்றது. ஆயின், இது தொடக்கப் பணியோடு நில்லாமல், நிகழ்ச்சிக் குறிப்பேடு, பயனர் நுழைவு முதலிய பல வேலைகளையும் தன்பால் ஈர்த்துக்கொண்டது. ஒரு கருவி ஒரு வேலையைச் செவ்வனே செய்தல் வேண்டும் என்பது யூனிக்ஸ் மரபு. அம்மரபில் வளர்ந்தோர் இதனை வெறுத்ததில் வியப்பில்லை. முன்னர் வெறும் எழுத்தாய் இருந்த குறிப்பேடு இப்போது தனிக் கருவியின்றிப் படிக்க இயலாத வடிவம் பெற்றது என்பதும் அவர்தம் குறை.

டெபியனில் இச்சிக்கல் எண்மர் கொண்ட தொழில்நுட்பக் குழுவின் முன் வந்தது. உபுண்டு வழங்கலுக்காக உருவான ‘அப்ஸ்டார்ட்’ என்பது மற்றொரு போட்டியாளர். 2014 பிப்ரவரியில் வாக்குகள் நான்குக்கு நான்காக நின்றன. தலைவர் பிடேல் கார்பீ தம் முடிவு வாக்கைச் சிஸ்டம்டிக்கு அளித்தார். சில நாள்களுக்குள் உபுண்டுவின் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த்தும் தம் சொந்த முறையைக் கைவிட்டு இம்முடிவைப் பின்பற்றுவதாக அறிவித்தார்.

பூசல் அத்துடன் அடங்கியதா? இல்லை. தங்களைக் கேளாமல் தங்கள் கணினிகளின் அடித்தளத்தை மாற்றிவிட்டனர் எனப் பயன்கொள்வோர் பலர் சினந்தனர். சினம் சிலரிடம் வரம்பு கடந்தது. வசையும் மிரட்டலும் தம்மை நோக்கி வந்தனவெனப் பொட்டரிங் அவ்வாண்டு அக்டோபரில் எழுதினார். எந்த மென்பொருளும் ஒரே தொடக்க முறையைச் சார்ந்திருத்தல் கூடாது என்னும் தீர்மானத்தை இயன் ஜாக்சன் கொணர்ந்தார். நவம்பரில் ஆக்குநர் வாக்களித்தபோது, இது பற்றிப் பொதுத்தீர்மானமே வேண்டா என்னும் நிலைப்பாடு வென்றது. அம்மாதத்திலேயே ஜாக்சன் உள்ளிட்ட மூவர் தொழில்நுட்பக் குழுவினின்று விலகினர். 18 ஆண்டுகள் உழைத்த ஜோயி ஹெஸ் டெபியனையே துறந்தார். ஆக, புண்பட்டோர் ஒரு தரப்பினர் மட்டும் அல்லர்.

மாற்றத்தை ஏற்காதோர் அதே மாதத்தில் ‘டெவுவான்’ என்னும் தனி வழங்கலைத் தொடங்கினர். மூல நிரல் எவர்க்கும் திறந்திருத்தலின், பிரிந்து சென்று தம் வழியில் ஆக்கிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்தது. ஆனால், உரிமை வேறு, உழைப்பு வேறு அன்றோ? டெபியனின் புதிய பதிப்பு 2015 ஏப்ரலில் வெளிவந்தது. அதற்கு இணையான டெவுவானின் முதற்பதிப்பு 2017 மே மாதத்திலேதான் வந்தது. இன்றும் டெவுவானின் மென்பொருள்களுள் பெரும்பாலானவை டெபியனிலிருந்தே மாற்றமின்றி வருகின்றன. பிரிந்த வாய்க்காலுக்கும் நீர் பழைய ஏரியினின்றே பாய்கிறது.

2019 டிசம்பரில் டெபியன் மீண்டும் வாக்கெடுத்தது. சிஸ்டம்டியை முதன்மையாகக் கொள்வதோடு மாற்று முறைகளை ஆராய்வோர்க்கும் இடந்தரும் தீர்மானம் வென்றது. ஐந்தாண்டுப் பூசலுக்குப் பின் ஏற்பட்ட இணக்கம் இது.

ஊதியமின்றி உழைப்போரைப் பிறர் ஏவ இயலாது. ஆதலின் முடிவெடுக்கும் உரிமை அவர்களிடம் இருப்பதைக் குறைகூறல் தகாது. ஆயினும், பயன்கொள்வோரை முன்னிறுத்துவதாக எழுதி வைத்தவர்க்கு, வாக்கில்லாதார் குரலையும் முடிவுக்கு முன்பே செவிமடுக்கும் கடமை உண்டு. வெளியேறும் வாயில் திறந்திருக்கிறது என்பது அக்கடமைக்கு ஈடாகாது. அவ்வாயில் வழியே சென்று புதுமனை கட்டும் ஆற்றல் சிலர்க்கே வாய்க்கும். ஏனையோர் மனக்குறையோடு அவ்வீட்டிலேயே தங்கிவிடுவர். அவர்களையும் நினைத்து ஆற்றும் பணியே பொதுப்பணி எனப்படும்.