கஞ்சில்: சிறு வண்டியின் பெரு விரைவு

மலாய்ப் பழங்கதைகளில் சருகுமானுக்குத் தனிச் சிறப்பு உண்டு. முதலைகளை எண்ணுவதாகச் சொல்லி வரிசையில் நிறுத்தி, அவற்றின் முதுகின் மேலேயே அது ஆற்றைக் கடந்த கதையை நம் தமிழ்ப்பள்ளிச் சிறுவர்களும் அறிவர். பரமேசுவரனின் வேட்டை நாயை ஒரு சருகுமான் உதைத்துத் தள்ளக் கண்டே மலாக்கா நகரம் அங்கு எழுந்தது என்பது மரபு. அந்தச் சருகுமானின் மலாய்ப் பெயரைத்தான் 1994ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெரொடுவா நிறுவனம் தன் முதல் மகிழுந்துக்குச் சூட்டியது. 'கஞ்சில்' என்னும் அப்பெயர் வண்டியின் சிற்றுருவுக்குப் பொருந்தியது. விரைவுக்கும் பொருந்தும் என்று மெய்ப்பித்தவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் பட்டறைக்காரர்கள்.

ஓட்டுவதிலேயே இன்பம் காண்போர் தேடுவது கைக்கெட்டும் விலை, குறைந்த எடை, மிகுந்த ஆற்றல் ஆகிய மூன்றையும் ஒருங்கே பெற்ற வண்டியை. இம்மூன்றும் ஓரிடத்தில் கூடுவது அரிது. ஆற்றல் மிகுந்த இயந்திரம் கனமானது. கனத்தைத் தாங்கும் உடலும் சக்கரமும் மேலும் கனம் கூட்டுவன. விலையும் உடன் ஏறும். இந்தச் சுழலிலிருந்து விடுபட ஆற்றலைக் கூட்டுவதினும் எடையைக் குறைப்பதே வழி என்பதை இங்கிலாந்தில் இருவர் நன்குணர்ந்திருந்தனர். காலின் சாப்மன் 1957இல் வெளியிட்ட லோட்டஸ் செவன் பாகம் பாகமாகவும் விற்கப்பட்டது. வாங்குவோர் வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் விற்பனை வரி இல்லை! அலெக் இசிகோனிஸ் 1959இல் படைத்த மினி, ஏழைக் குடும்பத்தின் சிக்கன வண்டியாகப் பிறந்து, 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மாண்டி கார்லோ பந்தயத்தில் பெரிய வண்டிகளைப் பின்னிறுத்தியது. எடை குறைந்த வண்டி விரைந்து ஓடுவது மட்டுமன்று. விரைந்து நிற்கும், வளைவில் விரைந்து திரும்பும்.

மலேசியாவில் இந்த ஆர்வத்திற்கு ஒரு களம் கிடைத்தது 1968இல். சிங்கப்பூர் பிரிந்த பின்னர், கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே பத்து தீகாவில் பந்தய ஓடுகளம் அமைந்தது. பத்து தீகா என்றால் மூன்றாவது கல். நம்மவர் வழக்கில் மூன்றாங்கட்டை. பிரிக்பீல்ட்சின் ஓரமாகக் கிள்ளானுக்குச் செல்லும் இருப்புப்பாதையும் அவ்வழியே செல்வதால், சொந்த வண்டி இல்லாதவனும் பந்தயம் காணப் போகலாம். 1977இல் பார்வையாளரிடையே ஒரு வண்டி பாய்ந்து சிறுவர்கள் உயிரிழந்தனர். களம் மூடப்பட்டுப் பின்னர் மீண்டும் திறக்கப்பட்டது. 1985 டிசம்பரில் உலக நெடுந்தொலைவுப் பந்தயமே அங்கு நடந்தது.

அதே 1985 ஜூலையில்தான் புரோட்டோன் சாகா சாலைக்கு வந்தது. தேசிய மகிழுந்தைக் காக்க இறக்குமதி வண்டிகள் மீது கடும் வரி விதிக்கப்பட்டதால், வெளிநாட்டு விரைவுந்துகள் நடுத்தர வருவாய்க்காரர்க்குக் கனவாயின. 1996இல் புரோட்டோன், சாப்மனின் லோட்டஸ் நிறுவனத்தையே வாங்கியது. அதன் பயனாக 1990களின் இறுதியில் சத்ரியா ஜிடிஐ பிறந்தது; 1.8 லிட்டர் இயந்திரம், ஏறக்குறைய 140 குதிரைத்திறன். சிறந்த வண்டிதான். எனினும் மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் இளைஞனுக்கு அதுவும் எட்டாக் கனி.

அவனுக்குக் கிட்டியது கஞ்சில். அது ஜப்பானின் டைஹாட்சு மிரா வண்டியின் மறுவடிவம். எடை ஏறக்குறைய 700 கிலோ. ஜப்பானில் 660 கனசெண்டிமீட்டருக்கு உட்பட்ட சிறுவண்டிகளுக்கு 64 குதிரைத்திறன் என்ற எல்லையை உற்பத்தியாளர்கள் தாமே வகுத்துக்கொண்டனர். டர்போ பூட்டிய மிரா அந்த எல்லையைத் தொட்டது. கஞ்சிலின் 660 இயந்திரமோ அதில் பாதியளவே தந்தது. உடல் ஒன்று, உள்ளம் வேறு! உள்ளத்தை மாற்றினால் என்ன?

அதற்கு வழி கிள்ளான் துறைமுகம் வாயிலாக வந்தது. ஜப்பானில் பழைய வண்டிகளுக்குச் சோதனைச் செலவு மிகுதி. ஆதலால் நல்ல நிலையிலுள்ளவையும் கழிக்கப்படும். அவற்றைக் குறுக்கே அறுத்து, இயந்திரமும் பற்சக்கரப் பெட்டியும் மின்கம்பிகளும் அடங்கிய முன்பாதியை உதிரிப் பொருளாக இறக்கினர். 'ஹாஃப் கட்' என்பது பட்டறை வழக்கு. ஒரே குடும்பத்து வண்டியாதலால் மிராவின் இயந்திரம் பெரிய மாற்றமின்றியே கஞ்சிலில் அமர்ந்தது. நிறுத்துகருவியையும் மிராவிலிருந்தே எடுத்துப் பூட்டுவது அறிந்தவர் செயல். காசு போதாதவர் அதை மட்டும் விட்டுவிடுவதும் உண்டு. ஒரு டன் எடைக்குத் தொண்ணூறு குதிரைத்திறன் என்ற கணக்கில், இச்சிறு வண்டி தொடக்கக் காலச் சாகாவை எளிதில் முந்தியது. ஏட்டில் பொறியியல் பயிலாத பல கைகள் செய்த பொறியியல் இது. அவற்றுள் தமிழ்க் கைகளும் உண்டு.

ஆனால் எடையைக் குறைத்த தகடு, மோதலில் உயிரைக் காக்கும் தகடும் ஆகும். மெல்லிய கதவும் சிறிய சக்கரமும் மும்மடங்கு கனமான வண்டிகளுக்கு நடுவே கூட்டரசு நெடுஞ்சாலையில் பாய்ந்தபோது, தவறுக்கு இடமே இல்லை. இயந்திரம் மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலும் புஸ்பாகோம் சோதனையும் தேவை. அவற்றைத் தவிர்த்து இரவில் சாலையையே களமாக்கியவர்களை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது. எனினும், அவர்களைக் கடிந்துகொள்ளும் சமூகம் பத்து தீகா ஓடுகளம் 2003இல் இடிக்கப்பட்டதையும் நினைக்க வேண்டும். 1999இல் திறக்கப்பட்ட செப்பாங் உலகத் தரமானது; ஃபார்முலா ஒன் பந்தயம் 2017 வரை அங்கு நடைபெற்றது. ஆயினும் அந்த ஐந்தரைக் கிலோமீட்டர் களத்தின் அகன்ற நெடிய நேர்பாதைகள் பேராற்றல் வண்டிகளுக்கென வகுக்கப்பட்டவை. கஞ்சிலுக்கு ஏற்ற சிறு களம், கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்சுக்கும் அண்மையில் இருந்த களம், அதுதான் போயிற்று.

கஞ்சிலின் உற்பத்தி 2009இல் நின்றது. கிள்ளான் இரயில் இன்றும் பத்து தீகா நிலையத்தில் நின்று செல்கிறது. ஓடுகளத்தைத் தேடி அங்கு இறங்குவார் இல்லை.