முதற்பட்டம் கண்ட வீடுகள்

ஆலயம் எழும்பிய கதையும் மணிக்கூண்டு உயர்ந்த கதையும் இம்மலரில் தத்தம் இடத்தில் வந்துள்ளன. நாம் இங்கு எழுதப் புகுவது மற்றொரு வரலாறு. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்து, பிறகு அலுவலகம் புகுந்த பிள்ளைகளைப் பற்றியது.

கல்லூரிகள் நம் நாட்டில் அன்றே இருந்தன. இயேசு சபையார் 1844-ல் நாகையில் தொடங்கிய தூய வளனார் கல்லூரி 1883-ல் திருச்சிக்கு வந்தது. பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி 1923-ல் தோன்றியது. ஆயினும் கூலிக்குப் போகும் வீடுகளுக்கு அவை எட்டாத் தொலைவில் இருந்தன. 1956-ல் காமராசர் அரசின் மதிய உணவுத் திட்டம் ஏழைப் பிள்ளைகளைப் பள்ளியில் உட்கார வைத்தது. அவர்களிலும் பலர் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்று, ஆசிரியப் பயிற்சிக்கோ எழுத்தர் வேலைக்கோ போயினர். 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின; 2007-ல் பொறியியலுக்கான நுழைவுத்தேர்வு நீங்கியது; 2010-11-ஆம் கல்வியாண்டில் தொழிற்கல்வி பயிலும் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை வந்தது.

இச்சலுகைக்கான சான்றிதழைப் பெற, வீட்டில் வேறெவரும் பட்டம் பெறவில்லையென உறுதி கூறவேண்டும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே அது கிடைக்கும். அரசு எங்கேனும் ஒரு கோடு போட்டுத்தானே ஆகவேண்டும், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அக்கோட்டின் மறுபுறத்தை வீடு சந்திக்கப் போனபோதுதான் கண்டோம். மூத்தவனுக்குச் சலுகை கிடைத்த வீட்டில், இளையவளின் கட்டணத்துக்கு வழி மூத்தவனின் சம்பளமே. இதை எந்தப் படிவத்திலும் எழுதி வாங்குவதில்லை. வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

நம் பங்கிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போன தம்பி ஒருவர் ஈராண்டு திருவிழாவுக்கு வரவில்லை. பெரிய ஆளாகிவிட்டான், ஊரை மறந்துவிட்டான் என்று பேசினார்கள். மறைப்பானேன், நாமும் அவ்வாறே நினைத்தோம். பிறகொரு நாள் அவரே வந்து அறைவீட்டுத் திண்ணையில் அமர்ந்து விவரம் சொன்னார். முதல் மூன்று மாதச் சம்பளம் அறைக்கு முன்பணம், அலுவலகத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ், தங்கைக்குக் கட்டணம் என்று கரைந்தது. அதற்குப் பின்னும் மாதக் கடைசியில் பேருந்துக்குக் காசு மிஞ்சவில்லை. வீட்டாரிடம் மட்டும் "லீவு கிடைக்கல" என்று சொல்லியிருக்கிறார்.

"வேலை கஷ்டமில்ல சாமி. மீட்டிங்ல கேக்குற கேள்விக்குப் பதிலும் தெரியும். அதை இங்கிலீசுல மனசுக்குள்ள கோத்து முடிக்கிறதுக்குள்ள அடுத்த பேச்சுக்குப் போயிடுறாங்க. ஒண்ணும் தெரியாதவன்னு நெனச்சுக்கிறாங்க" என்றார்.

நமக்கு இலத்தீன் கற்பித்த குருமட நாட்கள் நினைவுக்கு வந்தன. வகுப்பில் வாய் திறக்க நமக்கு ஓராண்டு பிடித்தது. ஆனால் நமக்கு உணவும் உறைவிடமும் உறுதியாய் இருந்தன. நம் சம்பளத்தை எதிர்பார்த்து ஒரு தங்கை காத்திருக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களைக் கூட்டி, எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று ஆண்டுதோறும் வழிகாட்டிய நாம், படித்து முடித்தபின் என்ன ஆனார்களென ஒருமுறையும் விசாரித்ததில்லை.

இம்மலரின் இறுதியில் நம் பங்கின் பட்டதாரிகள் பட்டியல் உள்ளது. அவர் பெயரைக் குறித்துக்கொண்டபோது, "தங்கச்சி பேரையும் போடுங்க சாமி. அவளுக்கு வர்ற மே மாசம் கடைசிப் பரீட்சை" என்றார். போட்டிருக்கிறோம்.