சமூக ஊடகக் காணொலிவழி இஸ்லாமியக் கல்வி (பினாங்கு)

யூடியூப், பேஸ்புக், டிக்டாக் முதலிய தளங்களின் காணொலிகளைப் பல்கலைக்கழக இஸ்லாமியப் பாடங்களில் துணைக்கருவியாகவோ ஆய்வுப் பொருளாகவோ மாணவர் ஒப்படைப்பாகவோ கையாளும் பயிற்றுமுறை.

பின்னணி

சமய அறிவைப் பரப்பப் புதிய ஊடகத்தை நாடுவது பினாங்கின் பழைய வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாகூர் குலாம் காதிறு நாவலர் இங்கு ‘வித்தியா விசாரிணி’ என்னும் தமிழ் இதழை நடத்தினார். 1916இல் லெபோ ஆச்சேயில் மத்ரஸா அல்-மஷ்ஹூர் தொடங்கியது. அங்கு ஆசிரியப் பணியாற்றிய சையது ஷேக் அல்-ஹாதி 1927இல் ஜெலுத்தோங் அச்சகத்தை நிறுவினார். அவருடைய ‘அல்-இக்வான்’ (1926), ‘சௌதாரா’ (1928) ஆகிய, அரபு வரிவடிவமான ஜாவி எழுத்தில் வந்த இதழ்கள் சமயச் சீர்திருத்தக் கருத்துகளைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றன.

உயர்கல்வியில்

1969இல் பினாங்கில் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், மனிதவியல் புலத்தின்கீழ் இஸ்லாமியக் கல்விப் பிரிவு இயங்குகிறது. இப்பல்கலைக்கழகம் 1971 முதலே தொலைநிலைக் கல்வி வழங்கிவருகிறது. 2014இல் நாட்டின் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான திறந்த இயங்கலைப் பாடங்கள் அறிமுகமானபோது, இஸ்லாமிய, ஆசிய நாகரிகப் பாடம் முதல் தொகுதியிலேயே இடம்பெற்றது. 2020 மார்ச் 18இல் நடைமுறைக்கு வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை விரிவுரைகளை முழுமையாகத் திரைக்கு மாற்றியது.

பயன்பாடு

கண்டும் கேட்டும் பழக வேண்டிய பகுதிகளில் காணொலியின் பயன் மிகுதி. குர்ஆன் ஓதும் முறையான தஜ்வீதில் எழுத்துகள் பிறக்கும் இடங்கள், சமயச் சட்டமான ஃபிக்ஹில் உளூ (தொழுகைக்கு முன் தூய்மை செய்தல்), இறந்தோருக்குக் கஃபன் துணியிடும் முறை, வானியலில் பிறை பார்த்தல் ஆகியவை இவ்வகையின. மாணவர் வேண்டிய இடத்தில் நிறுத்தி, மீண்டும் பார்த்துப் பயிலலாம். ஆனால் சட்டக் கருத்து வேறுபாடுகளையும் குர்ஆன் விரிவுரையையும் சில நிமிடங்களில் சுருக்கினால், ஆதாரமும் சூழலும் விடுபட்டுப்போகும். அவற்றுக்கு மூலநூல் வாசிப்பும் வகுப்புக் கலந்துரையாடலும் இன்றியமையாதவை.

சான்றும் தகுதியும்

மலேசியாவில் இஸ்லாமியச் சமயம் போதிக்க விரும்புவோர் மாநில இஸ்லாமியச் சமய அமைப்பிடம் ‘தவுலியா’ எனும் அனுமதி பெற வேண்டும். எல்லை கடந்து வரும் காணொலிக்கு இந்த வடிகட்டல் இல்லை. தளத்தின் பரிந்துரை முறையும் பேச்சாளரின் புலமையை அளப்பதில்லை. இத்தகைய காணொலிகளைச் சோதிக்க வேண்டிய கருவி நபிமொழிகளை ஆயும் ஹதீஸ் கலையிலேயே உள்ளது: அறிவிப்பாளர் வரிசையாகிய இஸ்னாதை ஆராய்தல், ஒரு செய்தியின் மூலத்தைத் தேடிக் காணும் தக்ரீஜ். பரவலாகப் பகிரப்படும் காணொலியில் சொல்லப்பட்ட ஹதீஸை மாணவரே மூலநூலில் தேடி, அதன் தரத்தை உறுதிசெய்யும் ஒப்படைப்பு இம்முறையின் மிகச் சிறந்த பயன். கேட்டதைப் பகிருமுன் ஆதாரம் தேடும் பழக்கமே இக்கல்வி மாணவருக்குத் தர வேண்டிய முதல் பயிற்சி.