அரங்கேற்றமும் நிரல் சரிபார்ப்பும்: ஓப்பன் எஸ்எஸ்எல் திட்டத்தின் வரலாறு

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியது எனப் பனம்பாரனாரின் சிறப்புப் பாயிரம் கூறும். நூல் உலகிற்குச் செல்லுமுன், அதனை ஆக்கியோன் அல்லாத ஒருவர் குற்றமற ஆராயும் இம்மரபினைத் தமிழாசிரியர் நன்கறிவர். மென்பொருள் உலகம் இத்தேவையை எத்தகைய இழப்பிற்குப் பின் உணர்ந்தது என்பதை ஈண்டு நோக்குவோம். பினாங்கில் வாழும் நமக்கு இஃது அயலான செய்தியன்று. 1972இல் பாயான் லெப்பாசில் இண்டெல் ஆலை தொடங்கிய நாள்தொட்டு, சில்லுகளைச் சோதித்த பின்னரே வெளியே அனுப்புவது இத்தீவினர் பலரின் அன்றாடப் பணியாகும்.

திறந்த மூல மென்பொருளின் நிரலை எவரும் படிக்கலாம். திருத்தமும் எழுதி அனுப்பலாம். அத்திருத்தத்தைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பவர் யார், எப்போது என்பதே சிக்கல். 1995இல் தோன்றிய அப்பாச்சி குழுவினர் மின்னஞ்சல்வழி வாக்களித்தனர். மூவர் உடன்பட்டு எவரும் மறுக்காதவிடத்துத் திருத்தம் ஏற்கப்பட்டது. பின்னர் அவர்களே, முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு ஆராயும் முறைக்கும் இடமளித்தனர். விரைவு வேண்டுமெனில் காவல் தளரத்தான் செய்யும்.

1998இல் தொடங்கிய ஓப்பன் எஸ்எஸ்எல் திட்டம், இணையவழிச் செய்திகளைப் பிறர் படிக்கவியலாதவாறு மறையாக்கம் செய்யும் மென்பொருளாகும். 2011 டிசம்பர் 31ஆம் நாள் இரவு அதன் களஞ்சியத்தில் ஒரு புதிய பகுதி சேர்க்கப்பட்டது. எழுதியவர் ஜெர்மானிய ஆய்வு மாணவர். எதிர்முனையிலிருந்து வரும் செய்தி தன் நீளம் இவ்வளவு எனக் கூறினால், நிரல் அதனைச் சரிபாராது நம்பிவிடும். ஒரு சொல்லை அனுப்பி, அது 64 கிலோபைட் நீளமுடையது எனப் பொய்யுரைப்பவருக்கு, வழங்கியின் நினைவகத்தில் அருகிலிருந்த கடவுச்சொற்களும் சேர்ந்தே விடையாகச் செல்லக்கூடும். ‘ஹார்ட்பிளீட்’ எனப் பெயர் பெற்ற இப்பிழை 2014 ஏப்ரல் 7ஆம் நாள்தான் வெளிப்பட்டது.

அந்நிரல் எவரும் பாராமல் நுழைந்ததன்று என்பது பலர் மறக்கும் உண்மை. குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் அதனைப் பார்த்தே சேர்த்தார். அவர் கண்ணிலும் பிழை படவில்லை. அக்காலத்தில் அத்திட்டத்திற்கு ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். முழுநேரம் உழைத்தவரோ ஒருவரே. எனவே, பிழையை அம்மாணவர்மீது மட்டும் சுமத்துவது முறையாகாது என்பது நம் கருத்து. உலகமே பயன்படுத்திய நூலுக்கு அவையம் அமைத்துக் கொடுக்க எவரும் முன்வரவில்லை.

பிழை வெளிப்பட்ட பின்னரே லினக்ஸ் அறக்கட்டளையின் முயற்சியால் நிதி வந்தது. எழுதியவர் அல்லாத ஒருவரின் ஒப்புதலின்றி எதுவும் களஞ்சியத்தில் சேரலாகாது என்பது விதியாயிற்று. ஒப்புதல் அளித்தவர் பெயரும் மாற்றக் குறிப்பில் பதியப்பட்டது. பிற்காலத்தில் இருவர் ஒப்புதல் வேண்டப்பட்டது. 2015இல் நிரல் முழுவதும் ஒரே எழுத்தமைப்பிற்கு மாற்றப்பட்டது. இது வெறும் ஒப்பனையன்று. புள்ளியிடாத ஏட்டுச்சுவடியோடு போராடியவர்க்கு, படிக்கவியலாததைச் சரிபார்க்கவும் இயலாது என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆயினும் விதி ஒரு திட்டத்தோடு நின்றது. ‘எக்ஸ்இசட்’ என்னும் சிறு மென்பொருளைப் பேணியவர் ஒருவரே. ஆண்டுக்கணக்கில் உதவி செய்து அவர் நம்பிக்கையைப் பெற்ற ஒருவர், சரிபார்க்கும் உரிமையையும் தாமே பெற்றுக் கள்ளவழியொன்றை உள்ளே வைத்தார். கணினியில் நுழைவதற்கு அரை வினாடி கூடுதலாவதை ஐயுற்ற ஒரு பொறியாளரால் 2024 மார்ச் 29ஆம் நாள் அது வெளிப்பட்டது.